தந்தை தின்னும் முட்டைகள்

நார்வேயிலிருந்து மத்தியதரைக் கடல் வரை, ஐரோப்பாவின் மணற்பாங்கான கரைகளில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாலே ஒரு சின்ன மீன் காலடியிலிருந்து விலகி ஓடும். சற்றுத் தள்ளிப் போய் மணலில் படிந்துவிட்டால் பிறகு கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் ஆறேழு சென்டிமீட்டர் நீளம். மணலின் நிறம், மணலின் புள்ளிகள். அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து குழிந்திருப்பதால் தரையைப் பற்றிக்கொண்டு கிடக்க முடிகிறது. பீட்டர் சைமன் பல்லாஸ் 1770இல் இதை அறிவியலுக்கு விவரித்தார். பொமட்டோஸ்கிஸ்டஸ் மினுட்டஸ் என்பது இன்றைய அறிவியல் பெயர். நம் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் உளுவை என்று பிடிபடும் மீன்களின் குடும்பம்தான் இதுவும். எனவே இதை மணல் உளுவை என்றே இங்கு அழைக்கிறேன்.

சந்தையில் இதற்கு விலை இல்லை. அழிந்துவரும் இனமும் அல்ல. ஆனாலும் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் இந்த மீனின் கூட்டைக் குனிந்து பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். காரணம் ஒரு கேள்வி. இந்த இனத்தில் முட்டைகளைக் காப்பது தந்தை மட்டுமே. காக்கிற அதே தந்தை, தன் முட்டைகளில் ஒரு பகுதியைத் தின்கிறது. சில நேரம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. உயிருள்ள, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும், தன் விந்தில் கருவான முட்டைகளை ஒரு தந்தை ஏன் தின்ன வேண்டும்? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்குச் சொல்லப்பட்டுவரும் விடைகளை வரிசையாகப் பார்த்து, எவை நிற்கின்றன, எவை சாய்ந்துவிட்டன என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கூட்டைப் பார்த்தாக வேண்டும். அது தெரியாமல் எந்த விடையும் புரியாது.

கோடை தொடங்கும்போது ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் கருநீலப் பொட்டு ஒன்று துலங்கும். ஆசனத் துடுப்பின் ஓரத்தில் நீலப் பட்டை ஓடும். அது ஒரு வெற்றுச் சிப்பி ஓட்டைத் தேடிப் பிடிக்கிறது. ஓடு மல்லாந்து கிடந்தால் கவிழ்த்துப் போடுகிறது. பிறகு அடியில் இருக்கும் மணலை வாயாலும் உடலாலும் தோண்டி வெளியேற்றி ஓர் அறை உண்டாக்குகிறது. ஓட்டின் மேல் மணலை வாரி இறைத்து மூடி, ஒரே ஒரு சிறு வாசலை மட்டும் விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது மணல்மேடு, அவ்வளவுதான். அந்த வாசலில் நின்று துடுப்புகளை விரித்துக் காட்டியும், கூட்டுக்குள்ளிருந்து தாழ்ந்த ஒலி எழுப்பியும் பெண்ணை அழைக்கிறது. பெண் உள்ளே வந்து, தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஓட்டின் உட்புறக் கூரையில் முட்டைகளை ஒற்றை அடுக்காகப் பதித்துவிட்டுப் போய்விடுகிறது. திரும்பி வருவதில்லை. அடுத்த பெண் வரும். அதுவும் இட்டுவிட்டுப் போகும். ஒரே கூரையில் பல தாய்களின் முட்டைகள் பக்கம் பக்கமாக ஒட்டியிருப்பது வழக்கம்.

அதன்பின் ஒன்று முதல் மூன்று வாரம், தண்ணீரின் சூட்டைப் பொறுத்து, தந்தையின் காலம். மார்புத் துடுப்புகளால் விசிறி முட்டைகளின்மேல் புதுத் தண்ணீரைச் செலுத்துகிறது. சிதைந்த முட்டைகளை அகற்றுகிறது. மணல் இறாலையும் கரை நண்டையும் தன் இனத்துத் திருட்டு ஆண்களையும் துரத்துகிறது. இந்த நாட்களில் வெளியே போய் வயிறார இரை தேட முடியாது. இந்த மீன்களில் பெரும்பாலானவை ஓர் இனப்பெருக்கப் பருவத்தை மட்டுமே காண்கின்றன. ஓராண்டு, அதிகம் போனால் இரண்டாண்டு வாழ்க்கை. ஆனால் அந்த ஒரே பருவத்துக்குள் ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஈடு முட்டைகளை வளர்த்துவிட முடியும். ஆகவே இந்த ஆணுக்கு எதிர்காலம் என்பது அடுத்த ஆண்டு அல்ல, அடுத்த ஈடு.

இனி விடைகள். மிகப் பழைய விடை, இது ஒரு கோளாறு என்பது. கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீன் கலக்கத்தில் செய்யும் காரியம், இயற்கையில் நடக்காது என்று கருதினார்கள். திறந்த நீரில் பிடித்த தந்தை மீன்களின் வயிற்றில் முட்டைகள் கிடைக்கத் தொடங்கியதும் இந்த எண்ணம் விழுந்தது. மீன் குடும்பங்கள் பலவற்றில், குறிப்பாகத் தந்தை மட்டும் காக்கும் இனங்களில், இது சாதாரணமாக நடக்கிறது என்பது தெளிவானது. அந்த விடையிடம் இனி நிற்கத் தேவையில்லை.

1978இல் சீவர்ட் ரோவர் ஒரு கட்டுரை எழுதினார். கேள்வியைத் திருப்பிப் போட்டது அதுதான். தின்பது தந்தையின் கடமையிலிருந்து விலகல் அல்ல, முதலீடு என்றார் அவர். காவல் காக்கும் தந்தை பட்டினி கிடக்கிறது. மெலிந்தால் இந்த ஈட்டையும் காக்க முடியாது, அடுத்த ஈட்டுக்கும் உடலில் தெம்பு இராது. சில முட்டைகளைத் தின்று மற்றவற்றைக் காப்பாற்றினால் வாழ்நாள் கணக்கில் குஞ்சுகள் கூடும். அதிலிருந்து சோதிக்கத்தக்க இரண்டு எதிர்பார்ப்புகள் கிடைத்தன. பசித்த தந்தை அதிகம் தின்ன வேண்டும், ஊட்டப்பட்ட தந்தை குறைவாகத் தின்ன வேண்டும். சிறிய ஈடு முழுதாகத் தின்னப்பட வேண்டும், பெரிய ஈட்டில் ஒரு பகுதி மட்டும் போக வேண்டும்.

இரண்டாவது எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலித்தது. முதலாவது பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா இடத்திலும் பலித்துவிடவும் இல்லை. ஆண்ட்ரியா மானிகா 2002இல் எலும்பு மீன்கள் முழுவதிலும் இந்தப் பழக்கத்தைத் தொகுத்து ஆராய்ந்தபோது தெரிந்த படம் கலவையானது: கூடுதல் உணவு கொடுத்தால் சில இனங்களில் தின்பது குறைகிறது, சிலவற்றில் குறைவதில்லை. பசி விளக்கம் கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்கிறது; அதனாலேயே பாடநூல்களில் அதற்குத் தேவைக்கு மேல் இடம் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். பசி ஒரு காரணம்தான். ஆனால் வயிறு நிறைந்த தந்தையும் தின்கிறதென்றால், வயிற்றுக்கு வெளியே ஏதோ நடக்கிறது.

அந்த ஏதோ ஒன்று கூரையில் ஒட்டியிருக்கிறது. பின்லாந்தின் மணல் உளுவைகளை வைத்து ஹோப் கிளக், கை லிண்ட்ஸ்ட்ரோம், கோலெட் செயின்ட் மேரி மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியின் வரலாற்றில் முக்கியமான திருப்பம். முட்டைகள் நெருக்கமாக இருக்கும்போது ஒவ்வொரு முட்டையும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. நெருக்கம் தளர்ந்தால் மீந்தவற்றின் வாய்ப்பு கூடுகிறது. தந்தை தின்றதால் வந்த இழப்பை, மீந்தவை கூடுதலாகப் பிழைப்பது ஈடுகட்டிவிடுகிறது. நாற்று நெருங்கி முளைத்த பாத்தியில் உழவர் கலைத்து விடுவதுபோல்தான் இது. தின்பதும் காப்பதும் இரண்டு வேறு செயல்கள் என்ற நம் முன்முடிவே இங்கே ஆட்டம் காண்கிறது. ஒரு பகுதியைத் தின்பது காவலின் ஓர் அங்கமாகவே இருக்கக்கூடும்.

நெருக்கம் ஏன் கேடாகிறது? மூச்சு என்பது முதல் ஊகம். முட்டைக்குள் வளரும் கருவுக்கு ஆக்சிஜன் தேவை. ஒற்றை வாசல் வைத்த மணல் மூடிய அறையில் அது எளிதில் குறையும். மேற்கு அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான கரைகளில் வாழும் ஒரு டாம்செல் மீனில், தந்தை சில முட்டைகளைத் தின்றால் மீதியின் பிழைப்பும் வளர்ச்சியும் மேம்படுகின்றன என்று 2002இல் காட்டினார்கள். மணல் உளுவையிலும் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் தந்தை அதிக நேரம் விசிறுகிறது. வாசல் பெரிதாக இருந்தால் நீரோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் எதிரிக்கும் திருட்டு ஆணுக்கும் வழி திறக்கும். இந்தச் சின்ன வாசலின் அளவிலேயே ஒரு தந்தையின் கவலை முழுதும் அடங்கியிருக்கிறது.

மூச்சைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் விளக்கம் நோய். சாப்ரோலெக்னியா என்னும் நீர்வாழ் உயிரி பஞ்சுபோல முட்டைகளின்மேல் படரும். பார்வைக்குப் பூசணம், உண்மையில் பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு முட்டையில் தொற்றினால் ஒட்டியிருக்கும் அடுத்த முட்டைக்குப் போகிறது. ஒற்றை அடுக்காக நெருங்கிய கூரை அதற்கு நல்ல விளைநிலம். மணல் உளுவையின் நெருங்கிய உறவான பொது உளுவையில் மார்ட்டின் வலோன் குழுவினர் 2016இல் வெளியிட்ட சோதனை இதை நேரடியாகக் கேட்டது. தொற்றுள்ள முட்டைகளைத் தந்தை தேர்ந்தெடுத்துத் தின்றது. தன்னுடையதா பிறனுடையதா என்பது அந்தத் தேர்வை மாற்றவில்லை.

தொற்று எல்லாக் கடலிலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் இதைக் கூர்மையாக்குகிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் கடல் நீர் ஓரளவு உப்பானது. டென்மார்க்கின் குறுகிய நீரிணைகளைத் தாண்டி பால்டிக் கடலுக்குள் போகப் போக உப்பு குறைந்து, பின்லாந்தின் தென்கோடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. மணல் உளுவை இரண்டு இடத்திலும் கூடு கட்டுகிறது. சாப்ரோலெக்னியாவுக்கு உப்பு ஆகாது. உப்பு குறைந்த நீரில் அது செழிக்கும். டோப்பி லெஹ்டோனென், சார்லோட்டா க்வார்நெமோ இருவரும் 2015இல் உப்பையும் நெருக்கத்தையும் சேர்த்துச் சோதித்து, தொற்றே இந்தப் பழக்கத்தைப் பரிணாமம் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். நெருக்கத்தால் வரும் கேடு தண்ணீரைப் பொறுத்து மாறுகிறது என்பதே அந்த வேலையின் சாரம். ஒரே இனம், ஒரே பழக்கம், ஆனால் இரண்டு கடல்களில் அதன் கணக்கு இரண்டு.

எதைத் தின்கிறது என்று பார்த்தாலும் பசி விளக்கம் போதாமல் போகிறது. கிளக்கும் லிண்ட்ஸ்ட்ரோமும் 2008இல் ஒரே கூட்டில் இரண்டு தாய்களின், அளவில் வேறுபட்ட முட்டைகள் இருக்கும்படி செய்தார்கள். தந்தை பெரிய முட்டைகளையே அதிகம் தின்றது. பெரியதில் சத்து அதிகம், ஆகவே பசி என்று சொல்லிவிடலாம். ஆனால் பெரிய முட்டை பொரிக்க அதிக நாள் எடுக்கும். ஒரு சில முட்டைகளுக்காகக் கூட்டில் கூடுதல் நாட்கள் கட்டுண்டு கிடப்பதைவிட, பின்தங்குவதை அகற்றிவிட்டு மற்றவை பொரித்ததும் அடுத்த ஈட்டுக்குப் போவது தந்தைக்கு லாபம். ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது வழியையே அழுத்தினார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பருவம் குறுகியது. இந்த ஈட்டுக்காகக் கூட்டில் கழியும் ஒவ்வொரு நாளும் அடுத்த ஈட்டைத் தள்ளிப்போடும் நாள்.

காலம் என்ற இந்த விளக்கம், முழு ஈட்டையும் தின்றுவிடும் புதிருக்கும் வழி காட்டுகிறது. நூறு முட்டையைக் காக்கவும் சில ஆயிரம் முட்டைகளைக் காக்கவும் ஏறக்குறைய அதே நாட்கள் ஆகும். அதே விசிறல், அதே ஆபத்து. ஆகவே மிகச் சிறிய ஈடு காக்கத் தகாதது. விட்டுவிட்டுப் போகலாமே, தின்பானேன் என்றால், போகிற போக்கில் சத்தாவது மிஞ்சும். ஜப்பானியக் கரையின் பாறைகளில் வாழும் பிளென்னி மீன் ஒன்றில் யூகியோ மாட்சுமோட்டோவும் உடனிருந்தவர்களும் 2018இல் கண்டது இதற்கு உடலியல் அடித்தளம் தருகிறது. முட்டைகளைக் காக்கும் ஆணின் உடலில் ஆண் ஹார்மோன் தாழ்ந்து, பெண்களை அழைக்கும் நடத்தை அடங்கிவிடுகிறது. கூட்டில் முட்டைகள் இருக்கும்வரை புதிதாக அழைக்க முடியாது. சில முட்டைகளே இருந்தால் அவற்றை ஒழித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். மணல் உளுவைக்கு இது அப்படியே பொருந்தாது. அது கூட்டில் முட்டைகள் இருக்கும்போதே அடுத்த பெண்ணையும் அழைக்கும். பிளென்னியின் விடையை எல்லா மீனுக்கும் நீட்டிவிடும் போக்கு சில தொகுப்புக் கட்டுரைகளில் தென்படுகிறது. அது தவறு.

தந்தைமைச் சந்தேகம் என்ற விளக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். திருட்டு ஆண்கள் நுழைந்து கருவாக்கிய முட்டைகளைத் தந்தை தின்னும் என்பது அழகான ஊகம். வட அமெரிக்க ஏரிகளின் புளூகில் மீனில், தன் குஞ்சா என்ற ஐயம் எழுந்தால் தந்தை காவலைக் குறைக்கிறது என்று பிரையன் நெஃப் 2003இல் காட்டினார். உளுவைகளில் இதற்கு ஆதரவு மெலிவு. மேலே சொன்ன பொது உளுவைச் சோதனை அதற்கு எதிராகவே நிற்கிறது.

கோட்பாட்டுத் தரப்பிலிருந்து 2007இல் கிளக்கும் மைக்கேல் பான்சாலும் கணித மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். காப்பது, கைவிடுவது, தின்பது மூன்றும் எப்போது எப்போது தோன்றும் என்று அதில் ஆராய்ந்தார்கள். இந்தப் பழக்கம் தோன்ற ஒரே ஒரு கட்டாயக் காரணம் வேண்டியதில்லை, பல வழிகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ அதைக் கொண்டுவரலாம் என்பது அதன் முடிவு. சிலருக்கு இது ஏமாற்றம் தந்தது. ஆனால் கேள்வியை ஒருமையில் கேட்டதுதான் இத்தனை நாள் வந்த சிக்கல். பகுதியைத் தின்பதற்குக் கூட்டின் நலமும், முழுதையும் தின்பதற்குக் காலமும், இரண்டுக்கும் மேலதிகமாகப் பசியும் என்று பிரித்துக்கொண்டால் சான்றுகள் தத்தம் இடத்தில் அமர்கின்றன.

இத்தனை விவாதத்திலும் ஓரமாக நிறுத்தப்பட்ட ஒரு தரப்பு உண்டு: தாய். தந்தைக்கு ஓர் ஈட்டில் போனது அடுத்த ஈட்டில் வரும். ஒரு தாய் அந்தக் கூரையில் பதித்த முட்டைகள் அத்தனையும் தின்னப்பட்டால், கூட்டின் மொத்தக் கணக்கு லாபத்தில் முடிந்தாலும் அவளுக்கு நட்டம்தான். பெரிய முட்டை இடுவதில் தாய் தன் உடலைச் செலவழிக்கிறாள். அந்தப் பெரிய முட்டைதான் முதலில் போகிறது. ஆகவே பெண் மீன் எங்கே இடுவது என்பதில் கவனமாக இருப்பதை எதிர்பார்க்கலாம், இருக்கிறது. எலிசபெத் ஃபோர்ஸ்கிரென் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்த மீனைப் பற்றிய ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது. ஆண்களுக்குள் சண்டையில் வெல்லும் ஆணைப் பெண் தேர்ந்தெடுக்கவில்லை. முட்டைகளை நன்றாகப் பொரிக்க வைக்கும் ஆணைத் தேர்ந்தெடுத்தது. வெல்வதும் வளர்ப்பதும் ஒரே ஆணிடம் சேர்ந்திருக்கவும் இல்லை. ஏற்கெனவே முட்டைகள் உள்ள கூட்டில் இடுவதால் பெண்ணுக்கு நேரடிப் பயன் உண்டு என்பதையும் அவரும் உடனிருந்தவர்களும் 1996இல் காட்டியிருந்தார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை எப்போதும் கிடைப்பதில்லை. அருகே காட் மீன் போன்ற வேட்டை மீன் தென்பட்டால் பெண் பொறுக்குவதை விட்டுவிடுகிறது என்பதும் அவரது 1992ஆம் ஆண்டு முடிவு.

சோதனை முறை பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆய்வுகளில் கூடு என்பது பாதியாக அறுத்த மண் பூந்தொட்டி. அதன் உட்புறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வைத்து, முட்டைகள் ஒட்டிய தாளைப் படம் எடுத்து எண்ணுகிறார்கள். எத்தனை முட்டை மறைந்தது என்பது இதில் துல்லியமாகத் தெரிகிறது. மறைந்த முட்டை உயிருள்ளதா, ஏற்கெனவே இறந்ததா என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை. தொட்டியில் இறாலும் நண்டும் இல்லை. துரத்தும் செலவு இல்லாத காவல் மலிவானது. கூரையின் பரப்பையும் ஆய்வாளரே தீர்மானிப்பதால் நெருக்கமும் அவர் கையில்தான். ஆய்வுகளை இதனால் தள்ளிவிட முடியாது. ஆனால் வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகள் முரண்படும்போது மீனை மட்டும் கேட்காமல் பூந்தொட்டியையும் கேட்க வேண்டும்.

இன்று இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் சேர்ந்திருக்கிறது. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வடியும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பால்டிக் கடலைப் பாசி மண்டிய கடலாக்கிவிட்டன. பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது. நீர் கலங்கினால் பெண்ணுக்கு ஆணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கடினம். தெளிந்த நீரில் பெரிய ஆண்களுக்கே பெரும்பங்கு முட்டைகள் கிடைக்க, பாசியால் கலங்கிய நீரில் அந்த வேறுபாடு சிதைந்து முட்டைகள் பரவலாகிவிடுகின்றன என்று யார்வென்பாவும் லிண்ட்ஸ்ட்ரோமும் 2004இல் காட்டினார்கள். பரவலாவது என்றால் சிறிய ஈடுகள் பெருகுவது. சிறிய ஈடுகள் முழுதாகத் தின்னப்படுபவை. இந்த இரண்டையும் இணைத்து யாரும் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை. வெப்பமும் சும்மா இல்லை. சூடு ஏறினால் ஆணின் இனப்பெருக்க வேகம் பெண்ணுடையதைவிட அதிகமாகக் கூடுகிறது என்பது க்வார்நெமோவின் 1994ஆம் ஆண்டு ஆய்வு. அப்போது பெண்களுக்காக ஆண்களுக்குள் போட்டி இறுகும். அடுத்த ஈடு எளிதில் கிடைக்காத ஆண் கையிலிருப்பதைத் தின்னுமா, காக்குமா? கோட்பாட்டின்படி காக்க வேண்டும். போட்டி பெண்களுக்காக மட்டுமல்ல, கூட்டுக்காகவும்தான்: 1990இல் கிடான்ஸ்க் வளைகுடாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு இன்று பால்டிக்கின் பெரும்பகுதியில் பரவிவிட்ட கருங்கடல் வட்ட உளுவையும் இதே ஆழமற்ற கரைகளில் கூட்டுக்கு இடம் தேடுகிறது.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் 1877இல் தொடங்கிய கிறிஸ்டினபெரி கடல் ஆய்வு நிலையமும், பின்லாந்தின் ஹான்கோ முனையில் 1902இல் தொடங்கிய ட்வார்மின்னே நிலையமும் இந்த மீனின் இரண்டு கடல்களையும் வாசலிலேயே வைத்திருக்கின்றன. தீர்ப்பைத் தரக்கூடிய சோதனை அங்கேதான் செய்யப்பட வேண்டும்: பால்டிக் தந்தைகளை உப்பு நீரிலும், மேற்குக் கரைத் தந்தைகளை உப்பு குறைந்த நீரிலும் வைத்து, ஒரே அளவு கூரையில் ஒரே எண்ணிக்கை முட்டைகளைக் கொடுத்து, பருவம் முழுதும் பின்தொடர்வது. எந்த நீரில் வைத்தாலும் பால்டிக் தந்தை அதிகம் தின்றால், நோய் மிகுந்த கடலில் தலைமுறைகளாக ஊறிய பழக்கம் அது. நீர் மாறியதும் தின்பதும் மாறினால், ஒவ்வொரு தந்தையும் தன் கூரையைத் தானே பார்த்து முடிவெடுக்கிறது என்று பொருள். பால்டிக் கடல் மேலும் கெடும்போது எத்தனை முட்டைகள் மிஞ்சும் என்பதையும் அப்போதுதான் கணிக்கத் தொடங்க முடியும்.